கணவாய்க்கு மை வந்த கதை

மீனும் மனுஷனும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கணவாய் மீனுக்கு மை கிடையாது. அந்தக் காலம் என்றதும் ராஜா, மந்திரி, யானைப்படை என்று எங்கேயோ போய்விடாதீர்கள். அவ்வளவு தூரம் இல்லை. சந்தைக் கடைக்காரர்கள் சாமானைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, பாலிதீன் பையில் போட்டுக் கொடுக்கத் தொடங்கிய புதிது. அப்போதும் கடலில் பேச்சு இருந்தது. நம்பாதவர்கள் எழுந்து போகலாம், கதைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

சிப்பித்துறை என்று ஒரு கரை. அங்கே தொம்மை என்று ஒரு மீன்பிடிக்காரர், அவர் மனைவி பிலோமி. தொம்மை வள்ளம் ஓட்டுவார். பிலோமி ஓலைக்கட்டு கட்டுவாள். தென்னை ஓலையையும் பாளையையும் சேர்த்துத் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கி, அடியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டுக் கடலில் இறக்கினால் அதன் கீழே நிழல் விழும். வெயிலில் நடந்து வருகிறவன் வேப்பமரத்தடியில் நிற்பதுபோல, நிழலைக் கண்டால் மீனும் நிற்கும். அப்படி வந்து நிற்கிற மீனைத்தான் தொம்மை பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஓலைக்கட்டுக்குக் கணவாயும் வரும். நிழலுக்கு இல்லை, பிரசவத்துக்கு. கணவாய் ஆயுசில் ஒரே ஒரு முறைதான் முட்டை இடும். இட்டுவிட்டுக் குஞ்சு பொரியும்வரை பக்கத்திலேயே கிடக்கும். நாற்பது நாளில் ஓலை அழுகும், அந்த வாசம் பட்டால்தான் முட்டை பொரியும். அழுகின ஓலையில் புழுவும் பூச்சியும் பிடிக்கும், அதுதான் குஞ்சுகளுக்கு முதல் சோறு. கயிறும் அழுகிக் கட்டு மெல்லக் கீழே போய்ப் பாசிக்குள் படுத்துக்கொள்ளும், அதுதான் அவற்றுக்குத் தொட்டில். ஆக, அழுகுவதில்தான் எல்லாமே இருந்தது. குஞ்சு போகும்வரை கணவாயைத் தொடுவதில்லை என்று கரைக்காரர்களுக்கும் ஒரு முறை இருந்தது.

தொம்மையும் கடல் வயிற்றுப் பிள்ளை, கணவாயும் கடல் வயிற்றுப் பிள்ளை. அந்த உறவில் பிலோமி கணவாய்க்கு மதினி ஆனாள். வருஷா வருஷம் வருகிற கணவாய் எதுவானாலும் அவளை மதினி என்றுதான் கூப்பிடும். இந்தக் கதை நடந்த வருஷம் வந்தது இருக்கிறதே, அது சரியான வாயாடி. பத்துக் கையும் சும்மா இருக்காது. கரையோரம் வந்து பிலோமியின் மோதிரத்தைத் தொட்டுப் பார்க்கும், கொலுசைத் தடவும், இது என்ன, அது எதற்கு என்று துளைத்து எடுக்கும். இவ்வளவு உப்புத் தண்ணீர் இங்கே கிடக்கும்போது சோற்றுக்குக் கடையில் போய் ஏன் உப்பு வாங்குகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டது. பிலோமியும் லேசுப்பட்டவள் இல்லை. நத்தை, ஆமை எல்லாம் ஓட்டை முதுகுக்கு மேலே சுமக்கிறபோது நீ மட்டும் எதற்கு உள்ளே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று திருப்பிக் கேட்பாள். இரண்டு பேருக்கும் பதில் தெரியாது. தெரியாமலே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படி இருக்கையில் அந்த வருஷமே புயல் வந்து தென்னந்தோப்பையெல்லாம் மொட்டையடித்துவிட்டுப் போனது. பிலோமி தோப்புத் தோப்பாக அலைந்து பார்த்தாள். ஓலை இருந்தவர்கள் தங்கள் கூரைக்கே காணாது என்று கையை விரித்தார்கள். நாற்பது நாளுக்கு ஒரு முறை ஓலை தேடி, நார் உரித்து, கயிறு இழுத்து அவள் உள்ளங்கை ஏற்கெனவே வெடித்துப் போயிருந்தது. கட்டிக் கொடுத்தது நாற்பதே நாளில் அழுகிப்போகிறதே என்று அவளுக்குள் ஒரு எரிச்சல் ரொம்ப நாளாகவே உண்டு. இருக்காதா பின்னே?

கோயில் திருவிழா முடிந்த மறுநாள் கரை முழுக்கப் பாலிதீன் பையாகக் கிடந்தது. பிலோமி ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தாள். கிழியவில்லை. நனைத்துப் பார்த்தாள், ஊறவில்லை. ஆகா, இதல்லவா சாமான் என்று சாக்கு நிறையப் பொறுக்கினாள். பிய்ந்த நைலான் வலை, மூடி போட்ட பிளாஸ்டிக் புட்டி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டினாள். கல்லைத் தொங்கவிட மட்டும் நைலான் போதவில்லை, வழக்கமான நார்க்கயிற்றையே போட்டாள். தொம்மைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பெண்டாட்டிக்கு மூளை தலையில் மட்டும் இல்லை, விரலிலும் இருக்கிறது என்று கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு போய்க் கட்டை இறக்கினார்.

கணவாய் வந்தது. வயிறு கனத்து, இன்றோ நாளையோ என்று இருந்தது. பத்துக் கையாலும் புதுக் கட்டைத் தடவித் தடவிப் பார்த்தது. ஓலை வாசம் இல்லை. கடித்துப் பார்த்தது, ருசியும் இல்லை. கரைக்கு வந்து பிலோமியைக் கூப்பிட்டது.

"மதினி, இது எப்போ அழுகும்?"

பிலோமிக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. காலையில் பிடித்த மீன் மதியத்துக்குள் நாறுகிறது. தேக்கு மரத்து வள்ளமே பத்து வருஷத்தில் உளுத்துப்போகிறது. இரும்பு நங்கூரம்கூட ஏடு ஏடாக உதிர்கிறது. அழுகாத ஒன்றை அவள் பிறந்தது முதல் கண்டதில்லை. தெரியவில்லையே என்ற சந்தேகம் ஒரு மூலையில் தலைநீட்டத்தான் செய்தது. ஆனால் கரை முழுக்கப் பாராட்டுகிற நேரத்தில் தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அழுகாம எங்க போகும்? கொஞ்சம் கூட நாள் ஆகும், அவ்வளவுதான். நீ நம்பி இடு" என்றாள்.

மதினி சொன்னபின் வேறு என்ன வேண்டும்? கணவாய் திரும்பிப் போய் முட்டை இட்டது. அந்தக் காலத்தில் கணவாய் முட்டை மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளையாக இருக்கும். பைக்குள்ளும் வலைக் கண்ணிலுமாகக் கொத்துக் கொத்தாக ஒட்டி வைத்தது.

நாற்பது நாள் போயிற்று. கட்டு போட்டது போட்டபடி பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கரைக்காரர்களும் அதேபோலக் கட்டி இறக்கினார்கள். பிலோமிக்கும் பெருமைதான், ஆனால் ராத்திரிச் சோறு சரியாக இறங்கவில்லை. கணவாய் தினமும் வந்து, இன்றைக்கு அழுகுமா, நாளைக்கு அழுகுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. பிலோமி பேச்சை மாற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒன்று அழுகத்தான் செய்தது. கல்லைக் கட்டியிருந்த நார்க்கயிறு. கல் அடியில் போயிற்று, கட்டு மேலே மிதந்தது. அன்றைக்கு நீரோட்டம் வெளிக்கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது.

விடிந்தபோது கணவாய் கரையில் வந்து மூச்சு வாங்கியது. வீட்டைக் காணோம் என்று மட்டும் சொன்னது. சொல்லிவிட்டு நிற்கவில்லை, நீரோட்டம் போன திசையிலேயே பாய்ந்து போய்விட்டது. பெண்கள் வள்ளத்தில் ஏறும் வழக்கம் அந்தக் கரையில் இல்லை. பிலோமி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். தொம்மை பாயை விரித்தார்.

இரண்டு நாள் போனார்கள். மூன்றாம் நாள் காலையில், நாலு பக்க நீரோட்டமும் வந்து கூடிச் சுழல்கிற ஓர் இடத்தைக் கண்டார்கள். முதலில் அது ஏதோ தீவு என்றுதான் பிலோமி நினைத்தாள். கிட்டே போனால் மண் இல்லை, மரம் இல்லை. பை, புட்டி, செருப்பு, வலை, டப்பா. அவள் பார்த்தே இராத எழுத்தெல்லாம் அந்தப் பைகளில் இருந்தது. அவள் பொறுக்கியது ஒரு கரை திருவிழாக் குப்பை. இது எத்தனை கரையின் குப்பை என்று அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இதையெல்லாம் யார் இங்கே கொண்டுவந்து போட்டார்கள் என்று தொம்மையைக் கேட்டாள். யாரும் போடவில்லை, அதுவாக வந்திருக்கிறது என்றார் அவர்.

நடுவில் பிலோமி கட்டிய கட்டு சுற்றிக்கொண்டிருந்தது. கப்பல்கள் கழித்துவிட்ட எண்ணெய்க் கசடு தார் மாதிரி அதன்மேல் அப்பியிருந்தது. கணவாய் அதன் உள்ளே புகுந்து, ஒவ்வொரு முட்டையாக வாயில் வைத்து அந்தக் கறுப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தது. துப்பினால் அடுத்த முட்டையில் ஒட்டும் என்று எல்லாவற்றையும் வயிற்றுக்குள்ளேயே அடக்கி வைத்திருந்தது. உடம்பு உப்பிப் போயிருந்தது.

பிலோமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வள்ளத்தின் விளிம்பில் கவிழ்ந்து படுத்து, நான் பிரித்துத் தருகிறேன் என்று கையை நீட்டினாள். கணவாய் வேலையை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தது.

"அழுகும்னு சொன்னீங்களே, மதினி."

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் பிலோமி. "சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. நான் வேற இடம் பார்த்திருப்பேனே."

பிலோமி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அந்தக் கைக்கும் தனக்கும் நடுவில் கணவாய் வயிற்றில் இருந்த கறுப்பு அத்தனையையும் கொட்டியது. தண்ணீர் முழுக்க இருண்டது. தெளிந்தபின் பார்த்தபோது கணவாயும் இல்லை, அது மீட்க முடிந்த முட்டைகளும் இல்லை. முடியாதவை பைக்குள் வாடிக் கிடந்தன. பிலோமி அந்தக் கட்டைத் தூக்கி வள்ளத்தில் போட்டுக்கொண்டு கரை வந்து சேர்ந்தாள். சிப்பித்துறைக்காரர்கள் வலையில் சிக்குகிற குப்பையை இன்றைக்கும் கடலில் திருப்பிப் போடமாட்டார்கள், கரைக்குத்தான் கொண்டுவருவார்கள். சுழலில் கிடந்த மிச்சம் மட்டும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. வருஷா வருஷம் அகலமாகிறது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

அன்று முதல்தான் கணவாய் தன் முட்டைக்குக் கறுப்புப் பூசித் திராட்சைக் குலை மாதிரி மறைத்து வைக்கிறது. அன்று முதல்தான் மனுஷக் கை கிட்டே வந்தால் நடுவில் மையைக் கொட்டிவிட்டுப் போகிறது. பயந்து ஓடுகிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பயம் எல்லாம் இல்லை. மதினி வீட்டோடு பேச்சை முறித்துக்கொண்டுவிட்டது.