அதிரசம் தின்ற கணக்கர்

முதலில் வம்புக்கு வந்தவர் கணக்கர் சேதிராயர்தான். இதில் சந்தேகமே வேண்டாம்.

போன வருஷம் முடிசூட்டு நாள் விருந்து. மகாராஜாவுக்கு இடப்பக்கத்து இலை அடைப்பைக்காரர் கொழுந்தப்பருடையது. ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவர் அவர். அந்த இடம் அவருக்கென்றே இருந்தது. கை கழுவிவிட்டு வருவதற்குள் சேதிராயர் அங்கே சம்மணம் போட்டுவிட்டார். அது போதாதென்று, இலையில் விழுந்திருந்த அதிரசத்தையும் வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயா, அது என் அதிரசம்!"

"அதிரசத்தில் பேர் எழுதியிருக்கிறதா?" என்றார் சேதிராயர், மென்றுகொண்டே.

மகாராஜா இரணசிங்க பூபதி, "போகட்டும், வேறு இலை போடுங்கள்" என்றார். போட்டார்கள், வாசலோரம். அதிரசத் தட்டு அங்கே வந்து சேரும்போது வெறும் தட்டாக இருந்தது. கொழுந்தப்பர் எல்லாவற்றையும் மறப்பார். இதை மட்டும் மறக்கவில்லை.

இந்த வருஷ விருந்துக்கு முந்தின நாள், அரண்மனைக்கு எண்ணெய் அளக்கும் ஆவுடையம்மாள் அழுதுகொண்டு கொழுந்தப்பர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, என் செக்கு போகப் போகிறது!"

"ஏன், வண்டு அரித்துவிட்டதா?"

"வண்டு அரித்தால் வேறு மரம் போடுவேன். கணக்கர் அரிக்கிறாரே! நாட்டில் தொழில் எப்படி நடக்கிறது என்று விசாரிக்கிறாராம். காலையில் ஒருத்தன் வந்து எள்ளு எவ்வளவு என்கிறான். உச்சியில் ஒருத்தன் வந்து மாட்டுக்குப் பல் எத்தனை என்கிறான். சாயங்காலம் இன்னொருத்தன் வந்து, முன்னே வந்த இரண்டு பேருக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாயா என்கிறான்!"

"சொல்லிவிட்டுப் போயேன்."

"எல்லாரும் ராஜ முத்திரையோடு வருகிறார்கள், அண்ணாச்சி."

கொழுந்தப்பருக்குப் புரிந்தது. அந்த நாட்டு வழக்கம் அது. முத்திரையைக் காட்டி யார் எதைக் கேட்டாலும், கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து, கைகட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். மாட்டை நிறுத்த வேண்டும். பாதி ஆட்டின எள் செக்கிலேயே கிடந்து வீணாகும்.

"அதற்கும் மேலே கேளுங்கள். மாட்டை நிறுத்திவிட்டு நான் கைகட்டின பிறகுதான், 'செக்கு ஓடுகிறதா, நிற்கிறதா' என்று கேட்கிறான். நிற்கிறது என்று எழுதிக்கொண்டு போகிறான். ஊர் முழுக்க இப்படித்தான். இப்போது கணக்கர், 'வாணியர்கள் எல்லாரும் சோம்பேறிகள், செக்குகளைப் பறித்து அரண்மனையிலேயே ஓட்டலாம்' என்று ராஜாவிடம் சொல்லிவிட்டார். விருந்து முடிந்ததும் ஆள் வருகிறதாம்."

"எந்தக் கணக்கர்?"

"சேதிராயர்தான்."

கொழுந்தப்பர் பாக்கு வெட்டுவதை நிறுத்தினார். "நாளைக்கு எண்ணெய்க் குடத்தோடு விருந்து மண்டப வாசலில் வந்து நில், தாயி" என்றார்.

அன்று மாலை வெற்றிலை மடித்துக் கொடுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார். "மகாராஜா, எனக்கும் ஒரு விசாரணை செய்துபார்க்க ஆசை. நாளை ஒரு பொழுதுக்கு முத்திரை மோதிரம் வேண்டும்."

"உமக்கு எழுதப் படிக்கவே வராதே?"

"கேட்க வருமே!"

ராஜா சிரித்துவிட்டு மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் விருந்து. சேதிராயர் அதே இடப்பக்கத்து இலையில் அமர்ந்தார். அதிரசம் விழுந்தது. எடுத்து வாயருகே கொண்டுபோனார். கொழுந்தப்பர் முத்திரையோடு முன்னால் போய் நின்றார்.

"கணக்கரே, ஒரு விசாரணை."

சேதிராயர் அதிரசத்தை வைத்துவிட்டு எழுந்து கைகட்டினார். வேறு வழி?

"சாப்பிடுகிறீரா, சும்மா இருக்கிறீரா?"

"சாப்பிடத்தான் உட்கார்ந்தேன்!"

"கை எங்கே இருக்கிறது?"

"கட்டியிருக்கிறேன்."

"சரி. சாப்பிடவில்லை. உட்காரும்."

சேதிராயர் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். பருப்பா, சாம்பாரா என்று கேட்டார் கொழுந்தப்பர். எழுந்தார். உட்கார்ந்தார். எந்தப் பக்கத்துப் பல்லால் மெல்லுவீர் என்றார். எழுந்தார். பாயசம் அவரைத் தாண்டிப் போனது. ரசம் ஆறியது. சுற்றிலும் இருந்தவர்கள் சிரிப்பை அடக்க மாட்டாமல் இலையிலே குனிந்துகொண்டார்கள்.

"முதலில் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னீரா?" என்று கொழுந்தப்பர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ராஜா கைகழுவ எழுந்துவிட்டார். ராஜா எழுந்தால் பந்தி முடிந்தது. இலைகளை எடுத்தார்கள், சேதிராயர் இலையையும் அதிரசத்தோடு.

"என்ன கண்டுபிடித்தீர், கொழுந்தப்பரே?"

"மகாராஜா, எப்போது பார்த்தாலும் கணக்கர் சாப்பிடாமலே நிற்கிறார். சோம்பேறி வாய். இனிமேல் இந்த இலையைப் பறித்துவிடலாம்."

பசியிலே சேதிராயருக்குக் கண் இருட்டியது. "மகாராஜா, அநியாயம்! இவர் கேட்டுக்கொண்டே இருந்தால் நான் எப்படிச் சாப்பிடுவது?"

கொழுந்தப்பர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே எண்ணெய்க் குடத்தோடு ஆவுடையம்மாள் நின்றாள்.

"செக்கு ஏன் நிற்கிறது என்று அந்த அம்மாளும் இதைத்தான் சொல்லுகிறாள், மகாராஜா."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செக்கு எதையும் பறிக்கக் கூடாது, இனி விசாரணை எதுவானாலும் வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் மாடு ஓய்வெடுக்கும்போது என்று ஆணை பிறந்தது. ஆவுடையம்மாள் அங்கேயே குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டாள். கொழுந்தப்பருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. பழைய இலையும் கிடைத்தது.

"இன்னும் என்ன வேண்டும்?" என்றார் ராஜா.

"போன வருஷத்து அதிரசம்."

"சேதிராயரே, திருப்பிக் கொடும்!"

சேதிராயர் மறுபடி எழுந்து, பணிவாகக் கைகட்டினார். "கொடுக்கிறேன், மகாராஜா. ஆனால் வெல்லத்தில் செய்ததா, கருப்பட்டியில் செய்ததா என்று இவரை விசாரிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் விசாரணை என்று இப்போதுதான் ஆணையிட்டீர்கள். இந்த வருஷத்துக்கு உண்டானது முடிந்துபோயிற்றே?"

ராஜா மறுபடியும் தூணைப் பிடித்துக்கொண்டார்.

கொழுந்தப்பர் மட்டும் சிரிக்கவில்லை. அது வெல்ல அதிரசம். யாரும் கேட்காமலே, அன்றுமுதல் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அதிரசம் இன்னும் வந்தபாடில்லை.