தூளியில் தூங்கிய பூனை

முன்னொரு காலத்தில், பூனையைத் தவிர வேறு கவலையே இல்லாத ராஜா ஒருவர் இருந்தார். கப்பல் வியாபாரி ஒருவன், "உசந்த குலம், மகாராஜா" என்று ஒரு பூனையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். என்ன குலமென்று சொல்லவில்லை. பட்டு மெத்தை போட்டும் பூனை சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. எழுந்து எழுந்து கத்தியது.

விகடகவி நாகமுத்துவுக்கும் தூக்கமில்லை. கடல் தாண்டிப் பிழைக்க வந்து மூன்று வருஷம். அதன்பின் பிறந்த மகளை அவன் இன்னும் பார்க்கவில்லை. "தூளிய ஆட்டிக்கிட்டே இருக்கணும், நிறுத்தினா முழிச்சுக்கிறா" என்று மனைவி ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். விடுப்புக் கேட்டாலோ, "நீ போயிட்டா என்னை யாரு சிரிக்க வைக்கிறது?" என்பார் ராஜா.

அன்று சபையில் பூனையின் குலப் பேச்சு.

"வரியைப் பாருங்க, புலி வம்சம்!" என்றார் தளபதி.

"பச்சைக் கண்ணு. பாரசீக அரண்மனைப் பூனையேதான்" என்றார் மந்திரி பூவராகர்.

நாகமுத்து சிரித்துவிட்டான். மந்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜா இவனிடம் வைத்த பிரியத்தில் அவருக்கு ஏற்கெனவே பொறாமை. எங்கே தட்டினால் இவனுக்கு வலிக்கும் என்பதும் தெரியும்.

"சிரிச்சவரே சொல்லட்டும், மகாராஜா. ஆனா அதைப் பூனையே ஒத்துக்கணும். இல்லேன்னா இவர் இனிமே ஊர்ப் பேச்சே எடுக்கக் கூடாது."

"ஒத்துக்கிட்டா?" என்றான் நாகமுத்து.

"ஆறு மாசம் ஊருக்குப் போயிட்டு வா" என்றார் ராஜா.

நாகமுத்து பூனையைப் பார்த்தான். தரை எந்தப் பக்கம் சாயுமோ என்பதுபோல் காலை அகட்டி அகட்டி நடந்தது.

"மந்திரியாரே, உங்க உத்தரீயத்தைக் கொஞ்சம் தாங்க."

வாங்கி, ஊஞ்சல் கொக்கியில் தூளி கட்டினான். பூனையை உள்ளே விட்டு, மகளுக்கு ஆட்டக் கொடுத்துவைக்காத கையால் மெல்ல ஆட்டினான். பூனை சுருண்டது. கண்ணை மூடியது. நிறுத்தினான், விழித்துக் கத்தியது. மறுபடி ஆட்டினான், உறங்கிப்போனது.

"இதோட ஆத்தா, ஆத்தாவோட ஆத்தா எல்லாமே கப்பல்ல பிறந்தவங்க, மகாராஜா. ஆடாத தரையில இதுக்குத் தூக்கம் பிடிக்காது. கப்பல் குலம். தூங்கியே ஒத்துக்கிச்சு."

"எப்படிப்பா கண்டுபிடிச்ச?"

"எனக்கும் இங்க தூக்கம் வரலையே."

ராஜா தூளியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உத்தரீயமில்லாமல் நின்ற மந்திரியைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி, "உன் மகளுக்கு" என்று நாகமுத்துவிடம் கொடுத்தார். "பூவராகரே, இவன் வர்றவரைக்கும் தூளி உம்ம பொறுப்பு."

தூளியைப் பிடித்த மந்திரி அலறினார்: "யோவ் நாகமுத்து! சீக்கிரம் வந்துடுமய்யா!"

அவன் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தான்.

"எம்மவ தூங்கினதும் கிளம்பிடுறேன், மந்திரியாரே!"