உறங்கி எழுந்த ஆணை

முன்னொரு காலத்தில் வெண்கரை நாட்டை விசயகண்டன் என்ற ராஜா ஆண்டுவந்தான். பரம்பரை ராஜா அல்ல. அதற்கு முன் நாட்டை ஆண்ட பேரரசரை எதிர்த்து ஊரெல்லாம் ஆயுதம் தூக்கியபோது முன்னால் நின்றவன். சண்டை ஓய்ந்ததும் அந்த நாட்டுக்குச் சட்டம் எழுதி, அதை நிற்க வைத்தவர் அமைச்சர் அழகம்பலனார்.

அவர் எழுதிய முதல் சட்டம் இது: ராஜாவின் எந்த ஆணையும் ஓர் இரவு உறங்க வேண்டும், மறுநாள் காலை ராஜா மறுபடியும் 'ஆம்' என்றால்தான் முத்திரை விழும். காரணம் உண்டு. பேரரசர் ஒருநாள் கோபத்தில் விசயகண்டனின் அண்ணன் தலையை வாங்கினார். மறுநாள் மனம் வருந்திப் பிணத்துக்குப் பட்டு அனுப்பினார். அந்தப் பட்டைப் பார்த்த அன்றுதான் கலகம் மூண்டது.

சபையில் பூவணராயர் என்றொரு பிரபு. அமைச்சரின் ஆசனத்தின் மேல் அவருக்கு வெகுநாளாகக் கண்.

"மகாராஜா, கொட்டாவி விடுவதென்றாலும் தாங்கள் ஒருநாள் முன்னதாகச் சொல்ல வேண்டுமாமே! ஊரே சிரிக்கிறது" என்றார் ஒரு காலையில்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "ஓய் அமைச்சரே, உம்முடைய சட்டம் ரத்து! இனி நான் சொன்னது சொன்ன நொடியே நடக்கும். பூவணராயர்தான் அமைச்சர். நீர் நாட்டை விட்டுப் போம்!"

அழகம்பலனார் முத்திரை மோதிரத்தைக் கழற்றி ராயரிடம் நீட்டினார். "சந்தோஷம். ஒரு வேலை மட்டும் பாக்கி. மத்தியானம் மகாராஜாவோடு ஆடுபுலி ஆடுவது அமைச்சர் பொறுப்பு. புதியவர் ஆடட்டும், பார்த்துவிட்டுப் போகிறேன்."

"இதுவும் ஒரு வேலையா!" என்று சிரித்தார் ராயர்.

மத்தியானம் ராஜாவுக்குப் புலி, ராயருக்கு ஆடு. ராஜாவைத் தோற்கடிக்க ராயருக்கென்ன பைத்தியமா? ஆடுகளை ஒவ்வொன்றாகப் புலியின் வாயருகே கொண்டுபோய் வைத்தார்.

ராஜாவின் மீசை துடித்தது. "என்னைத் தொட்டில் பிள்ளை என்று நினைத்தீரா? விட்டுக்கொடுத்தா ஆடுகிறீர்? யாரங்கே! வெட்டு இவர் தலையை!"

சொன்ன நொடியே நடக்க வேண்டுமே. காவலன் வாளோடு வந்துவிட்டான்.

"ஐயோ மகாராஜா! ஒரே ஓர் இரவு... இந்த ஆணை உறங்கட்டும்!"

"அந்தச் சட்டத்தைத்தான் காலையிலேயே ரத்து செய்துவிட்டேனே."

"இன்னும் ரத்தாகவில்லை" என்றார் அழகம்பலனார். "ரத்து என்று சொன்னதும் ஓர் ஆணைதானே? அது இன்னும் உறங்கி எழவில்லை. நாளைக் காலைவரை பழைய சட்டம் உயிரோடிருக்கிறது. ராயரும் இருப்பார்."

காவலன் வாளைத் தாழ்த்தினான். ராஜா கையிலிருந்த புலிக்காயைக் கீழே வைத்துவிட்டு அழகம்பலனார் பக்கம் திரும்பினான்.

"உம் தலையையும் இப்படிக் கேட்டிருக்கிறேன், இல்லையா?"

"விட்டுக்கொடுத்தாலும் கேட்பீர்கள், ஜெயித்தாலும் கேட்பீர்கள். விடிந்ததும் கூப்பிட்டு வெற்றிலை கொடுப்பீர்கள்."

மறுநாள் காலை சபை கூடியது. அழகம்பலனார் எழுந்து கேட்டார்: "நேற்றைய ஆணைகளுக்கு முத்திரை வைக்கலாமா?"

"வேண்டாம். எதற்குமே வேண்டாம். ராயரே, மோதிரத்தை அவரிடம் கொடும்."

"ராயரின் தலை?"

"அது அவர் கழுத்திலேயே இருக்கட்டும். ஆனால் இன்றைக்குப் புதிதாக ஓர் ஆணை: இனி தினமும் என்னோடு ஆடுபுலி ஆட வேண்டியவர் பூவணராயர்!"

சபை குலுங்கிச் சிரித்தது. ராயர் கழுத்தைத் தடவிக்கொண்டு, ஈனக் குரலில் கேட்டார்: "அமைச்சரே, இந்த ஆணையும் ஓர் இரவு உறங்கும் அல்லவா?"

"அது உறங்கும், ராயரே. நீங்கள் உறங்குவீர்களா என்பதுதான் தெரியவில்லை" என்றார் அழகம்பலனார்.