காற்றுக்கு ஆகாத ஊதா

கோபால்ட்டும் நைட்ரஜனும் இரட்டைப் பிணைப்பில் இறுகிய அபூர்வக் கரைசல் தன்னுடையதென்று பேராசிரியர் திருவேங்கடம் வெளியூர் வேதியியலாளர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தார். மேசையில் அவருடைய ஊதாப் புட்டி திறந்தே இருந்தது.

“அசல் நான் செஞ்சது, சார்,” என்றாள் ஆய்வுக்கூட உதவியாளர் செண்பகவல்லி.

“குடுவை கழுவுற நீயா? எந்த மெஷினும் இல்லாம இப்பவே நிரூபி, பார்ப்போம்.”

செண்பகவல்லி தன் மூன்று மாத உழைப்பை மூடிய குப்பியில் கொண்டுவந்தாள். திறந்து, ஒரு சொட்டு வெள்ளைத் தாளில் விட்டாள். அந்த ஊதா கண்ணெதிரே பழுப்பாகிச் செத்தது.

பேராசிரியர் சிரித்தார். “போச்சா?”

“காத்து பட்டா இந்தப் பிணைப்பு ஒரு நொடி தாங்காது, சார். உங்களுது காலையிலேர்ந்து திறந்தே கிடக்கு. இன்னும் வாடலையே.”

வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய், அந்தப் பழுப்புக் கறையைக் குனிந்து பார்த்தார்கள்.