சுவருக்கு வெளியே ஒரு நாற்காலி

இந்த அநியாயத்தைக் கேளுங்கள். சுனாமித் தடுப்புச் சுவர் கட்டினார்கள். கடற்கரை விடுதி சுவருக்கு உள்ளே, மீனவர் குப்பம் வெளியே! விடுதி முதலாளி தெய்வநாயகம், குப்பத்துப் பந்தல்காரன் அஞ்சப்பனை மிரட்டினார்.

"சுவரால குப்பத்துக்கும் பாதுகாப்புன்னு கலெக்டரம்மா நம்பணும். திறப்பு விழாவுக்கு அதுக்குத் தக்க பந்தல் போடு. இல்லேன்னா உன் குடிசை இருக்காது."

"ஆகட்டும் முதலாளி" என்றவன், குப்பத்திலேயே, அலைக்கு எதிரே பந்தல் போட்டான். முன்வரிசையில் முதலாளிக்கு நாற்காலி.

திறப்பு விழாவில் ஓர் அலை வந்து அவர் வேட்டியை நனைத்தது. துள்ளி எழுந்தார்.

"அறிவிருக்காடா? சுவருக்கு வெளியே உட்கார வைக்கிறியே, கடல் பொங்கினா உயிர் போயிடாதா?"

"போயிடுமா முதலாளி? எங்க பிள்ளைங்க தினமும் இங்கதானே தூங்குதுங்க!"

கலெக்டரம்மா கத்தரிக்கோலைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"முதல்ல குப்பத்துக்கு முன்னால சுவர் எழும்பட்டும். அப்புறம் ரிப்பன் வெட்டலாம்."