ஏழு குன்று இறங்கிய பல்லக்கு

முன்னொரு காலத்தில் ஏழ்குன்ற நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் போட்ட உத்தரவை மத்தியானம் மறந்துவிட்டு, சாயங்காலம் யார் போட்டது என்று கோபிப்பார். அதற்கும் 'ஆகா' போடச் சபையில் ஒருவர் இருந்தார். பேர் சபாரஞ்சிதர். எந்தப் பெரிய மனுஷர் பேச்சை எடுத்தாலும், "அவரா? நம்மவர்தான்!" என்பார்.

அந்தச் சபைக்கு ஒருநாள் மருத்துவச்சி பேராச்சி வந்தாள். அதற்கு மூன்று நாள் முன்பு, ஏழாம் குன்றில் பிரசவம் சிக்கலான ஒரு பெண், அரண்மனை வைத்தியரிடம் தூக்கிவர ஆளில்லாமல் இவள் மடியிலேயே உயிரை விட்டிருந்தாள். அந்தக் கனம் இன்னும் மடியை விட்டு இறங்கவில்லை.

"மகாராஜா, வலி கண்ட பெண்களை மலையிலிருந்து தூக்கிவர ஒரு தொழில் தொடங்கப் போகிறேன். உத்தரவு வேண்டும்."

சபாரஞ்சிதர் துள்ளி எழுந்தார். "இதே யோசனை நேற்றே எனக்கு உதித்தது பிரபோ! அடக்கம் கருதிச் சொல்லவில்லை. இதற்கெல்லாம் பெரிய இடத்துப் பழக்கம் வேண்டும். இவளுக்கு யாரைத் தெரியும்?"

"எல்லாரையும் தெரியும் சாமி. பிறந்த அன்றைக்கே பார்த்ததால், அவர்களுக்குத்தான் ஞாபகமில்லை. மகாராஜாவைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் நாலு போட்டு அழவைத்ததே நான்தான்."

ராஜா தன்னையறியாமல் முதுகைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டார்.

"சரி, போட்டி! கஜானாவில் கை வைக்கக்கூடாது. அவரவர் பழக்கத்தை வைத்துத் தொழிலைத் தொடங்குங்கள். பௌர்ணமியன்று ஏழாம் குன்றிலிருந்து ஒரு கர்ப்பிணியைப் பொழுது சாய்வதற்குள் கொண்டுவருகிறவருக்கே தொழில். தோற்றவர் ஜெயித்தவரிடம் ஒரு வருஷம் கூலியாள்."

சபாரஞ்சிதர் ஒன்பது பட்டணங்களுக்கு ஓலை விட்டார். உப்பு வணிகர், "நம்மவருக்கு இல்லாததா! யானைப் பாகர் தலைவரைப் பாரும், நான் சொன்னதாகச் சொல்லும்" என்று எழுதினார். பாகர் தலைவர் சேனாதிபதியைக் கைகாட்டினார். சேனாதிபதி கோயில் தர்மகர்த்தாவைக் கைகாட்டினார். ஓலை சேர்ந்தது, ஆள் சேரவில்லை. ஒரு வேலையை மட்டும் அவர் ஒழுங்காகச் செய்தார். பேராச்சிக்கு யாரும் ஆள் தரக்கூடாது என்று ஏழு குன்றின் ஊர்த்தலைவர்களுக்கும் சொல்லி அனுப்பினார்.

பேராச்சி ஊர்த்தலைவர்களிடம் போகவே இல்லை. கொல்லைப்புறமாக அவர்கள் பெண்டாட்டிகளிடம் போனாள்.

"கொம்புச் சத்தம் கேட்டா நாலு பேர் வரணும் தாயி. உங்க ஊர் எல்லை வரைக்கும்தான். அங்க அடுத்த ஊர்க்காரன் தோள் குடுப்பான்."

"இம்புட்டுத்தானா? ஆனா ஆள் தரக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரருக்குத் தாக்கீது வந்திருக்கே" என்று இழுத்தாள் ஒருத்தி. பிறகு தானே சிரித்தாள். "அவருக்குத்தானே தாக்கீது? எனக்கில்லையே! நான் பெத்த பிள்ளைகள நான் அனுப்புறேன்."

தோள் கிடைத்தது. பல்லக்கு இல்லை. பேராச்சி சபாரஞ்சிதர் வீட்டுக்கே போனாள். முன்கட்டில் அவர் ஓலை எழுதிக்கொண்டிருந்தார். பின்கட்டில் அவர் மனைவி செங்கமலம் இருந்தாள். தலைப்பிரசவத்தில் இரண்டு நாள் துடித்தபோது கையை விடாமல் உட்கார்ந்திருந்தவள் பேராச்சி என்பதை அவள் மறக்கவில்லை.

"பல்லக்கு சும்மாதானே கிடக்கு? எடுத்துட்டுப் போ. அவர் கேட்டா நம்மவங்கதான்னு சொல்லிக்கிறேன்."

பௌர்ணமி வந்தது. சபாரஞ்சிதர் ஒரு பெட்டி ஓலையோடு சபையில் நின்றார்.

"கர்ப்பிணி எங்கே?"

"வந்துகொண்டே இருக்கிறாள் பிரபோ. இன்னும் ஒரே ஒரு சிபாரிசுதான் பாக்கி. இதோ, தர்மகர்த்தாவின் பதில் இப்போதுதான் வந்தது."

ராஜா அதைப் பிடுங்கி உரக்கப் படித்தார்: "தாங்கள் கோரிய காரியத்துக்குத் தகுந்தவர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார். சபாரஞ்சிதர் என்று பேர். அவரைப் பாருங்கள், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்."

சபை குலுங்கிச் சிரித்தது. அதை மீறிக்கொண்டு வெளியே கொம்பு ஊதியது. ஏழாம் குன்றின் கர்ப்பிணி ஒருத்தி பேராச்சியின் கையை இறுகப் பிடித்தபடி பல்லக்கில் வந்து இறங்கினாள். பொழுது சாய்வதற்குள் வைத்தியர் வீட்டில் குழந்தை வீரிட்டது. அதைக் கேட்ட பிறகுதான் பேராச்சி உட்கார்ந்தாள்.

"அது என் பல்லக்கு!" என்று கூவினார் சபாரஞ்சிதர்.

"ஆமாம் சாமி. ஊரெல்லாம் ஓலை விட்டீர்கள். உங்கள் வீட்டு அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை."

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பேராச்சி, தொழில் உன்னுடையது! ஆனால் என் பேர் சொல்லி நடக்கட்டும். எனக்குப் பாதிப் பங்கு!"

"தாராளமாக மகாராஜா. முன் கம்பா, பின் கம்பா?"

ராஜா தன் தோளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். பங்கை விட்டுவிட்டு மலைப்பாதையைச் செப்பனிட உத்தரவு போட்டார். அந்த ஒரு உத்தரவை மட்டும் அவர் மறக்கவேயில்லை.

மறுநாளே ஐந்தாம் குன்றில் கொம்பு ஊதியது. தோற்றுக் கூலியாளான சபாரஞ்சிதர் முன் கம்பைத் தோளில் வாங்கினார். முதல் எல்லைக்கல் வருவதற்குள் மூன்று இடத்தில் நின்று, நாக்குத் தள்ள மூச்சு வாங்கினார். உள்ளே இருந்த நிறைமாதக்காரிக்கு மனசு கேட்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு எட்டிப்பார்த்தாள்.

"ஐயா, ரொம்ப முடியலைன்னா நீங்க ஏறிக்குங்க. நான் இறங்கி நடக்கிறேன்."