ஓடக்காரன் மகளுக்கு அடுத்தபடியாக அமைச்சர்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குத் தும்மல் வந்தால்கூடச் சட்டம் போட்டுவிடுகிற ஒரு நாடு இருந்தது. ராஜா பெயர் சிம்மகேது. அவருடைய சபையைச் சிரிக்க வைக்கிற வேலை தாண்டவனுக்கு. அன்றைக்கு அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

சபை நடுவில் குயிலாயி கைக்குழந்தையோடு நின்றாள். முதல் புருஷன் அவளை விலக்கிவிட்டான். அடுத்த மாதம் ஓடக்காரன் முத்திருளன் அவளுக்குத் தாலி கட்டினான். ஏழாம் மாதமே குழந்தை பிறந்துவிட்டது.

"ஏழே மாதம், மகாராஜா! முதல் புருஷன் தன் பிள்ளை இல்லை என்கிறான். ஓடக்காரன் பிள்ளைதான் என்பதற்கு என்ன சாட்சி?" என்றார் அமைச்சர் மகுடேசுவரர்.

"எம்புள்ளதாஞ் சாமி. நாந்தான் மடியில வச்சுப் பேரு விட்டேன்," என்று முத்திருளன் கும்பிட்டான். "ஆமாஞ் சாமி, அவரு புள்ளதான்," என்றாள் குயிலாயி.

"தாய் சொல்வதும் மடியில் வைப்பதும் ஒரு சாட்சியா?" என்றார் அமைச்சர்.

தாண்டவனால் வாயைக் கட்ட முடியவில்லை. "தகப்பனே ஆமாங்கிறான். அமைச்சருக்கு எங்கே வலிக்குது?"

சபை கொல்லென்று சிரித்தது. முகம் கறுத்த அமைச்சர் ராஜாவின் காதில் ஏதோ ஓதினார். ராஜா தொடையைத் தட்டினார்.

"நாளை முதல் சட்டம்! கண்ணால் கண்ட இருவர் சாட்சி சொல்லாதவரை எந்தப் பிள்ளைக்கும் தகப்பன் பெயர் கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளையும் தாயும் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும். தாண்டவா, நீதான் நிறைவேற்ற வேண்டும். ஒருவரை விட்டாலும் உன் தலை இருக்காது!"

வெளியே வந்ததும் குயிலாயி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அண்ணே, எம்புள்ளைய உங்க கையாலயா தொரத்தப் போறீங்க?"

'ஒருவரை விட்டாலும்' என்று ராஜா சொன்னது மட்டும் தாண்டவன் காதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். யார் வந்தாலும் வாசலில் கட்டியக்காரன், 'இன்னார் மகன் இன்னார் வருகிறார்' என்று கூவ வேண்டும். பிறகுதான் உள்ளே விடுவார்கள். மறுநாள் காலை கட்டியக்காரனின் தடியோடு தாண்டவன் நின்றான்.

"மகுடேசுவரர் வருகிறார்!"

அமைச்சர் நின்றுவிட்டார். "என் தகப்பனார் பெயர் எங்கேடா?"

"கண்ணால கண்ட ரெண்டு பேரு எங்கே சாமி?"

"என் தாயாரே சொல்வார்!"

"அது சாட்சியான்னு நேத்து நீங்கதானே கேட்டீங்க? ஓரமா நில்லுங்க."

சேனாபதி, புரோகிதர், பண்டிதர்கள் எல்லோரும் வாசலிலேயே தேங்கினார்கள். அப்போது ராஜா வந்தார். தகப்பன் பெயரோடு கூவினாலும் தாண்டவன் தலை போகும், பெயர் இல்லாமல் கூவினாலும் போகும். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"சிம்மகேது வருகிறார்!"

வாள் உறையைவிட்டு உரசி வெளிவரும் ஒலி மட்டும் கேட்டது.

"வீரகேதுவின் மகன் என்று சொல்!"

"சாட்சி இல்லையே, மகாராஜா. ஆத்துல முத்திருளன் படகோட காத்திருக்கான். பொழுது சாயறதுக்குள்ள நீங்களும் உங்க தாயார் பெரிய மகாராணியும் கிளம்பணும்."

கழுத்தில் வாள் குளிர்ந்தது.

"அவர் என் தாயின் கணவர்! என்னை மடியில் வைத்துப் பெயர் சூட்டியதை ஊரே பார்த்தது! இல்லை என்கிறவன் அல்லவா நிரூபிக்க வேண்டும்!"

தாண்டவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "இதையே சட்டமா எழுதிடலாமா, மகாராஜா?"

வாள் நகரவில்லை. ராஜாவின் பார்வை மட்டும் கூட்டத்துக்குப் பின்னால், குழந்தையோடு நின்ற குயிலாயியிடம் போனது. பிறகு அவர் மீசை துடித்தது. தோள் குலுங்கியது. வாளை உறையில் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாவிப்பயலே! என்னையே நாடு கடத்தப் பார்த்தாயே!" கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "எழுது! முதலில் அந்தக் குழந்தையைக் கூப்பிடு."

தாண்டவன் தடியைத் தரையில் தட்டி, அடிவயிற்றிலிருந்து கூவினான்:

"ஓடக்காரர் முத்திருளன் மகள் பூங்காவனம் வருகிறாள்!"

சத்தத்தில் குழந்தை வீலென்று அழுதது. குயிலாயியும் அழுதாள். அமைச்சர் ஒரு காலை உள்ளே வைக்கப் பார்த்தார். தாண்டவன் தடியைக் குறுக்கே நீட்டினான்.

"இருங்க சாமி. அந்தப் பாப்பா உள்ளே போகட்டும். அடுத்தது நீங்கதான்."